பெங்களூரின் பழைய பப்களும் நேரடி இசை இரவுகளும்: நினைவில் இருப்பவர்கள் எழுதவும்

அல்சூர்க்காரன்:

சென்ற மாதம் சர்ச் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, விண்கலத்தின் உட்புறம் போல அமைத்திருந்த நாசா பப் எந்த வாசலில் இருந்தது என்று மகனுக்குக் காட்ட முயன்றேன். முதலில் ஒரு செருப்புக் கடையைக் காட்டினேன். பிறகு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினேன். கடைசியில் இரண்டுமே இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. அவன் கேலி செய்யவில்லை, பொறுமையாக நின்றான். கேலி செய்திருந்தால் கூடப் பரவாயில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் எனக்குக் குடியிருப்பு அல்சூரில், வேலை ரெசிடென்சி சாலையில். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்கினால் நடந்தே எட்டக்கூடிய தொலைவில் இருந்த பப்களை எண்ணக் கைவிரல்கள் போதாது. ரெசிடென்சி சாலையிலேயே பிளாக் காடிலாக், பப் வேர்ல்டு. மகாத்மா காந்தி சாலையில், லண்டன் சுரங்க ரயில் நிலையத்தைப் போல ஜோடித்திருந்த தி அண்டர்கிரவுண்டு. பிரிகேடு சாலையிலிருந்து திரும்பும் ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989-இல் திறந்து இன்றும் நடக்கும் பெக்கோஸ். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் இன்னொரு படத்தை மாட்டிவைக்க இடமில்லாத அளவுக்குச் சுவரெல்லாம் அவரே இருந்த பர்ப்பிள் ஹேஸ். குடிப்பதை மறைவான காரியமாகவே பார்த்து வளர்ந்த என்னைப் போன்ற ஆம்பூர்க்காரனுக்கு, வெளிச்சத்தில், பெண்களும் ஆண்களுமாக உட்கார்ந்து ஒரு பிட்சர் (பெரிய கூஜா) பீரைப் பகிர்ந்துகொண்டு பாட்டுக் கேட்பது என்பதே முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

பெங்களூரின் இசைக்குழுக்களை வளர்த்தெடுத்தவை இந்தப் பப்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். பிரிகேடு சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு பப் இருந்தது. அங்கே புதன்கிழமைதோறும் ஒருவர் மூலையில் அமர்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். பின்னணியில் கிட்டாரும் டிரம்ஸும் கேட்கும். அந்த வாசிப்பை அதற்குப் பிறகு எந்தப் பெரிய மேடையிலும் நான் கேட்டதில்லை. அந்தக் குழுவின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? இன்றைக்கு அதுபோன்ற இரவுகள் ஏன் அற்றுப்போயின என்பதையும் பேசலாம்.


காக்ஸ்டவுன்:

அண்ணா, நல்ல இழை. ஆனால் நீங்கள் உறுதி என்று சொல்வதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் குறிப்பிடும் ஆண்டுகளில், நீங்கள் குறிப்பிடும் பப்களில் பெரும்பாலும் ஒலித்தது கேசட். நானும் அதே சாலைகளில் அதே மாலைகளைக் கழித்தவன். மேடை என்று சொல்லத்தக்க ஒரு பலகையைக் கூட அங்கே நான் பார்த்த நினைவு இல்லை. மேசைக்கும் மேசைக்கும் நடுவே பணியாளர் ஒருக்களித்துத்தான் நடப்பார், அதில் டிரம் செட்டை எங்கே வைப்பது? பெக்கோஸின் பெருமையே அறுபதுகள், எழுபதுகளின் ராக் இசையைத் தேர்ந்து போட்ட டேப்புகள்தாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வானொலியில் வராத, கடையில் கிடைக்காத இசையை ஒரு தலைமுறை அங்கே காது வழியாகப் படித்தது. ஆனால் அது வேறு, மேடையேறி வாசிப்பது வேறு.

குழுக்கள் வளர்ந்த இடம் கல்லூரி விழாக்கள். 1996-இல் தொடங்கிய தெர்மல் அண்டு எ குவார்ட்டர் என்ற ராக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்ட் கல்லூரி மாணவர்களாகத் தொடங்கியவர்கள் அவர்கள். சுதந்திர தினத்தை ஒட்டித் திறந்தவெளியில் இலவசமாக நடக்கும் ஃப்ரீடம் ஜாம் இசை விழாவில் கால்வைத்த பிறகுதான் பல குழுக்களுக்குத் தங்களைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதே தெரிந்தது. அதற்கும் முன்னால் பார்த்தால் கண்டோன்மென்ட் (பட்டாளப் பகுதி) மன்றங்களின் கிறிஸ்துமஸ் நடனங்கள், அவற்றில் வாசித்த ஆங்கிலோ இந்தியக் குழுக்கள், கோவாவிலிருந்து வந்த குழுக்கள். எங்கள் தெருவில் டிசம்பர் மாதம் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் டிரம்பெட் பயிற்சி நடக்கும்.

பப்பில் நேரடி இசை என்பது, நாம் இப்போது நினைத்துக்கொள்ளும் அளவுக்கு, 2000-க்குப் பிறகு வந்த சங்கதி. நமக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. புதன்கிழமை கேட்ட டேப்பையும் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்ட குழுவையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.


புதுவரவு:

நான் பெங்களூருக்கு வந்தது 2012-இல். எனக்குத் தெரிந்த பப் என்றால் உள்ளேயே பீர் காய்ச்சும் இடங்கள்தாம். அவற்றில் முதலாவதே 2011-இல்தான் விட்டல் மல்லையா சாலையில் திறந்தது என்பார்கள். அதற்கு முன்பு வேறெந்த இந்திய நகரத்திலும் இல்லாத அளவுக்கு இங்கே மட்டும் இத்தனை பப்கள் எப்படி வந்தன? குளிர்ந்த வானிலை என்று எல்லோரும் சொல்வது முழுக் காரணமாகத் தெரியவில்லை.


பீப்பாய்:

தம்பி கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். 1991 முதல் 1999 வரை இந்தப் பகுதியில் இரண்டு பப்களில் வேலை செய்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவன். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். எழுத்து கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானிலை ஒரு காரணம்தான். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், மாலையில் காற்று இதமாக இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், பீர் ஆலை ஊருக்குள்ளேயே இருந்தது. இங்கே பிரிட்டிஷ் பட்டாளம் இருந்த நாளிலேயே பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். 1915-இல் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் உருவானது. இப்போது யுபி சிட்டி என்று பளபளக்கும் கட்டடம் நிற்பது பழைய ஆலை இருந்த மண்ணில்தான். பாட்டில் பீரைச் சூடேற்றிப் பதப்படுத்தி அடைப்பதால் மாதக்கணக்கில் வைக்கலாம். கெக்கில், அதாவது உலோகப் பீப்பாயில், வரும் டிராட் பீர் அப்படியல்ல; அது பால் மாதிரி, குளிரிலேயே வந்து, குளிரிலேயே இருந்து, சில நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஆலை கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். காலையில் வண்டி வரும், காலியான கெக்கை ஏற்றிக்கொண்டு நிறைந்ததை இறக்கிவிட்டுப் போகும். 50 லிட்டர் கெக் ஒன்றை இருவர் பிடித்து மாடிப்படி ஏற்றுவதற்குள் முதுகு பேசும்.

கெக்கில் கரியமில வாயு சிலிண்டரைப் பொருத்தி அழுத்தம் கொடுத்தால், பீர் குழாய் வழியே குளிர்பெட்டிக்குள் சுற்றி வந்து பாரில் உள்ள திருகுக்குழாயில் இறங்கும். குழாய் கொஞ்சம் சூடானாலும் வெறும் நுரைதான் வரும். முதல் இரண்டு மக்கை நுரையாகவே கீழே ஊற்றிவிட்டு, மூன்றாவது மக்கைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பு வரை ஏறிய நுரையை ஒரு மரக்கரண்டியால் வழித்துவிட்டுக் கொடுப்போம். அந்தக் கரண்டியை ஒரு மக் தண்ணீரில் போட்டு வைத்திருப்போம். வாடிக்கையாளர் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, ஆனால் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

காக்ஸ்டவுன் சார் சொன்னது சரி. எங்கள் இடத்தில் கேசட்தான். எண் போட்ட அட்டைப்பெட்டிகள், ஒரு நோட்டுப் புத்தகம், கேசட் ஓட்டும் இரண்டு டெக். ஒன்று மட்டும் இருந்தால் டேப்பைத் திருப்பிப் போடும் நேரத்தில் அறை அமைதியாகிவிடும். அமைதியானால் உடனே நான்கு மேசையில் பில் கேட்பார்கள். அதற்காகத்தான் இரண்டு டெக். 90 நிமிட டேப்பின் ஒரு பக்கம் 45 நிமிடம். கைக்கடிகாரம் இல்லாத எங்களுக்கு அதுதான் கடிகாரம். ஆனால் 90 நிமிட டேப் மெல்லியது, அடிக்கடி ஓட்டினால் இழுத்துக்கொள்ளும், பாட்டு ஏற்ற இறக்கமாகக் கேட்கும். அதனால் அதிகம் கேட்கப்படும் பாட்டுகளை 60 நிமிட டேப்பில் இரண்டு பிரதியாக வைத்திருப்போம். பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சுற்றி என் விரலில் காய்ப்பே உண்டு.


காக்ஸ்டவுன்:

பீப்பாய் ஐயா, நன்றி. அந்த மரக்கரண்டியை முப்பது ஆண்டுகள் எதிரில் உட்கார்ந்தும் பார்க்கவில்லையே என்றிருக்கிறது.

பட்டாளக் காலத்தின் மிச்சம் கடைசி வரை அப்படியே இருந்த இடம் என்றால் காக்பர்ன் சாலையின் டியூவர்ஸ்தான். 1930-களிலேயே வந்துவிட்ட மதுக்கடை அது. பிரம்பு நாற்காலி, உயரமான கூரை, இசை என்ற பேச்சே கிடையாது. எங்கள் அப்பாவின் தலைமுறைக்கு அதுதான் பார். பப் என்றால் முகம் சுளிப்பார்கள், காரணம் பாட்டுச் சத்தம். குடித்துக்கொண்டே கேட்பது வேறு, குடித்துக்கொண்டே பேசுவது வேறு, இரண்டையும் ஒரே அறையில் செய்ய முடியாது என்பது அப்பாவின் கட்சி.


பழைய டிரம்மர்:

இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்துவிட்டு எழுதுகிறேன். காக்ஸ்டவுன் சொல்வது முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கில் நான் இருந்தேன்.

1998 வாக்கில் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள், முதலில் மூவராகவும் பிறகு நால்வராகவும், பப்களிலும் சிறிய உணவகங்களிலும் வாசித்தோம். இடங்களின் பெயரை எழுதப் போவதில்லை; சில இடங்களில் எங்களுக்குச் சேர வேண்டிய பணம் இன்னும் சேரவில்லை, இனி அதைக் கிளறுவதில் பொருளும் இல்லை. உரிமையாளர்களின் கணக்கு எளிமையானது. செவ்வாயும் புதனும் கூட்டம் வராது, அந்த இரண்டு நாளுக்கு ஒரு குழுவைப் போட்டால் அந்தக் குழுவின் நண்பர்களாவது வந்து குடிப்பார்கள். நாங்கள் அழைத்துவந்த நண்பர்கள் குடித்த பில்லிலிருந்துதான் எங்கள் ஊதியம் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். மேடை கிடையாது. பார் கவுண்டர் முடிந்து கழிவறைக்குத் திரும்பும் இடத்தில், மேசை இரண்டை எடுத்துவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆட்டோவில் டிரம் செட்டை ஏற்றி, மீதியை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பெரிய டிரம்மை, அதன் வயிற்றில் போர்வை திணித்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி அடுக்கு கிடுகிடுக்கும். குச்சிகளால் அடிக்க அனுமதி இல்லை. மெல்லிய மூங்கில் சிம்புகளைக் கட்டாகக் கட்டியது போன்ற ராட்ஸ் வைத்துத்தான் வாசிப்பேன். என் இடதுபுறம் நின்ற சிம்பல் ஸ்டாண்டுக்கும் கழிவறைக் கதவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. கதவை மெதுவாகத் திறந்தால் ஒன்றும் இல்லை. நான்காவது மக் முடிந்தவர்கள் யாரும் மெதுவாகத் திறக்க மாட்டார்கள். கதவு இடித்து சிம்பல் ஒலிக்கும். முதல் மாதம் திட்டினேன். இரண்டாவது மாதம், கதவு இடிக்கும் நேரத்தை வைத்தே அடுத்த வரிக்குள் நுழையப் பழகிவிட்டோம். ஒருமுறை கிட்டார்காரர் கதவு இடிப்பதற்காக ஒரு சுற்றுக் காத்திருந்தார், அது இடிக்கவே இல்லை, பாட்டு நின்றுபோய்விட்டது.

காகிதக் கைக்குட்டையில் எழுதி அனுப்பும் விருப்பப் பாடல் சீட்டுகளில் பத்துக்கு எட்டு ஒரே பாட்டாகத்தான் இருக்கும். சொந்தப் பாட்டு வாசிக்க வேண்டும் என்றால் அதை இரண்டு பிரபலமான பாட்டுகளுக்கு நடுவே, பெயர் சொல்லாமல், ஒளித்து வைப்போம். யாரும் கேட்காமல் பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பாட்டு பிழைத்தது என்று பொருள். தலையைத் திருப்பிப் பார்த்தால் எங்கோ தவறு. இந்த அளவுகோல் கேட்பதற்கு அவமானம் போல இருக்கும். ஆனால் எங்கள் பாட்டுகளில் தேறியவை எல்லாம் அப்படித் தேறியவைதாம். ஒரு பாட்டை முப்பது செவ்வாய்க்கிழமைகளில் முப்பது விதமாகக் கெடுத்துப் பார்க்கக் கல்லூரி விழாவில் வாய்ப்புக் கிடையாது. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை இருபது நிமிடம், பரிசு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அல்சூர்க்காரன் அண்ணா சொல்வதில் உள்ள உண்மை அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஊரே மேடை முன் திரண்ட இரவுகள் வேறு இருந்தன: 2003 ஏப்ரலில் அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007 மார்ச்சில் அதே மைதானத்தில் அயர்ன் மெய்டன். இரண்டுக்கும் போனேன், தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் அவை எனக்கு ஒரு பாட்டைக் கூடத் திருத்திக் கொடுக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு விளக்குகளை இரண்டு முறை அணைத்து ஏற்றுவார்கள். பதினொன்றரைக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்க வேண்டும். காவல்துறையின் ஹொய்சாளா ரோந்து ஜீப் அந்த நேரத்தைக் கணக்கு வைத்தே தெருவுக்குள் திரும்பும். பாட்டின் கடைசிப் பகுதி எங்களுக்கு எப்போதும் வேகமாகத்தான் போகும். 2014-இல் வார இறுதிகளில் ஒரு மணி வரை திறக்கலாம் என்று வந்தபோது நான் வாசிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.


பன்னிரண்டாவது மெயின்:

இந்த இழையில் எல்லோரும் உள்ளே இருந்து எழுதுகிறீர்கள். நான் வெளியே, பக்கத்து வீட்டு மாடியில் படுத்திருந்தவன்.

இந்திராநகரில் என் பெற்றோர் வீடு கட்டியபோது எங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கேட்ட ஒலி என்றால் கூர்க்காவின் விசிலும், தடி தட்டும் சத்தமும்தான். 2000-களின் இறுதியில் கைரா, பி-ஃபிளாட் போன்ற, இசைக்காகவே மேடை அமைத்த இடங்கள் எங்கள் பகுதிக்கு வந்தன. உள்ளே நின்று கேட்டிருக்கிறேன், அவற்றின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்களைத் தூங்கவிடாமல் செய்தவை பிறகு வந்த கூரையற்ற மொட்டைமாடிகள். வீட்டுக்கு வீடு பப்பாக மாறியது. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், அலமாரியில் இருந்த மருந்துப் புட்டிகள் பேஸ் ஒலிக்கு ஏற்ப ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தன. பாட்டு கேட்காது, அந்தத் தும் தும் மட்டும் சுவர் வழியாக வரும். உயர்ந்த சுருதிகளைச் சுவர் தடுத்துவிடும், தாழ்ந்தவற்றைத் தடுக்காது. மாடியில் நின்று கையில் இருந்த சிறிய கருவியால் அளந்து எழுதி எழுதிக் கொடுத்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி. டிரம்மர் நண்பர் கோபிக்க வேண்டாம், டிரம் செட்டை ஒலிபெருக்கி இல்லாமல் சாதாரணமாக அடித்தாலே பக்கத்தில் 100 டெசிபலைத் தொடும்.

நேரடி இசை ஏன் அற்றுப்போனது என்று இழை தொடங்கியவர் கேட்டிருந்தார். எங்களைப் போன்றவர்கள் புகார் கொடுத்தது ஒரு காரணம். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.


பழைய டிரம்மர்:

கோபம் இல்லை ஐயா. போர்வை திணித்து வாசித்தவனிடம் போய் மன்னிப்பு எதற்கு? மொட்டைமாடியில் டிஜே போட்ட சத்தத்துக்கும் சேர்த்து எங்களுக்குத்தான் கதவு மூடப்பட்டது என்பதுதான் என் ஆதங்கம்.


சட்டக்குறிப்பு:

ஆதங்கத்துக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது. அது தெரிந்தால் நடந்தது தெளிவாகும்.

பெங்களூரில் ‘லைவ் பேண்டு’ என்ற சொல்லுக்குக் காவல்துறையிலும் நாளிதழ்களிலும் நெடுங்காலம் வேறு பொருள்தான் இருந்தது. பெண்கள் மேடையில் பாடுவதும் ஆடுவதும் நடந்த பார்களை அப்படி அழைத்தார்கள். அவற்றைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு, 1963-ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ், பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 2005-இல் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. காபரே, டிஸ்கோத்தே, லைவ் பேண்டு எல்லாம் அதற்குள் வந்தன. ஆணை வாசகத்தில், கிட்டாரோடு மூலையில் அமர்ந்து வாசிக்கும் கல்லூரிப் பையனுக்கும் அந்தப் பார்களுக்கும் இடையே கோடு கிழிக்கப்படவில்லை. உணவக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஜனவரியில், ஆணை செல்லும் என்று தீர்ப்பானது.

உரிமம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதற்கு ஆக்குபன்சி சர்டிபிகேட் (கட்டடம் விதிப்படி கட்டப்பட்டது, பயன்படுத்தலாம் என்ற சான்றிதழ்), தீயணைப்புத் துறையின் ஒப்புதல் என்று வரிசையாகக் கேட்பார்கள். பழைய பங்களாவை இடித்துக் கட்டியதும், வீடாகக் கட்டிப் பின்பு கடையாக மாற்றியதுமான கட்டடங்களில் எத்தனைக்கு அந்தச் சான்றிதழ் இருக்கும் என்பதைப் பெங்களூரில் வாடகைக்குக் குடியிருந்த எவரும் சொல்லிவிடுவார்கள். 2019-இல் காவல்துறை இறுக்கிப் பிடித்தபோது, உரிமம் இல்லாத இடங்களில் இசை நின்றது. 2013 முதல் இந்திராநகரில் நடந்துவந்த தி ஹம்மிங் ட்ரீ என்ற இசைக்கூடம் மூடப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

அதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற ஆணையால், 2017 ஜூலை 1 அன்று மகாத்மா காந்தி சாலை, பிரிகேடு சாலை, சர்ச் தெரு வட்டாரத்தின் பப்கள் ஒரே நாளில் இருண்டன. சில மாதங்களில் மறுபடியும் திறந்தார்கள். ஆனால் மாத வாடகை அதற்காகக் காத்திருக்காது அல்லவா?


புதுவரவு:

அப்படியென்றால் மவுத் ஆர்கன் வாசித்த அந்த மனிதருக்கும் 2005-க்குப் பிறகு உரிமம் வேண்டியிருக்குமா?


சட்டக்குறிப்பு:

அவர் யாருக்காக வாசித்தார் என்பதைப் பொறுத்தது. நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தால் வேண்டும் என்று அதிகாரி சொல்வார். தானாக வாசித்திருந்தால் அது வாதத்துக்குரிய விஷயம். இப்படி ஒரு வழக்கை நடத்த எனக்கு ஆசைதான்.


அல்சூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. காக்ஸ்டவுன் சொன்ன பிறகு இரண்டு இரவுகள் யோசித்துப் பார்த்தேன். பிளாக் காடிலாக்கிலோ பப் வேர்ல்டிலோ அந்த ஆண்டுகளில் ஒரு குழு வாசித்த காட்சி எதுவும் எனக்கு உண்மையில் வரவில்லை. வருவதெல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டியும் அதன் மேல் யாரோ வைத்த சாம்பல் கிண்ணமும்தான். 2008 அக்டோபரில் பொது இடங்களில் புகைக்கத் தடை வரும் வரை அந்த அறைகளில் நாம் எல்லோரும் ஒரே புகையைத்தான் சுவாசித்தோம். அந்தப் புகையில் எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே, பப்கள் குழுக்களை வளர்த்தன என்று நான் எழுதியதை, 1990-களின் தொடக்கத்தைப் பொறுத்தவரை, திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மவுத் ஆர்கனை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது டேப் அல்ல. அந்த மனிதரை நான் பார்த்தேன். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வாசித்து முடித்ததும் கருவியை உள்ளங்கையில் தட்டி எச்சிலை உதறி, கைக்குட்டையில் சுற்றி வைப்பார். கைதட்டியதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பின்னணியில் டிரம்ஸ் கேட்டது. டிரம் வாசித்தவரை நான் பார்த்ததில்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.


பீப்பாய்:

சார், நீங்கள் ‘மாடியில், இருபது பேர்’ என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேனா என்றதும் உறுதியாகிவிட்டது. நான் வேலை செய்த முதல் இடம் அது.

அங்கே குழு எதுவும் இல்லை. அவர் ஒரு வங்கியில் வேலை செய்தவர், எங்கள் வாடிக்கையாளர். புதன்கிழமை மட்டும் தனியாக வருவார். 31-ஆம் எண் கேசட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்வார். கூட்டம் குறைவாக இருந்தால் போடுவோம். அதில் உள்ள கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் மேலே அவர் தன் மவுத் ஆர்கனை வாசிப்பார். முதல் தடவை முதலாளி நிறுத்தச் சொல்லத்தான் என்னை அனுப்பினார். நான் மேசைக்குப் போய் நின்றேன், அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார், நான் காலி மக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் பணம் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. இரண்டாவது மக்கை மட்டும் பில்லில் சேர்க்க மாட்டோம்.


பழைய டிரம்மர்:

பீப்பாய் அண்ணா, ஒரு சந்தேகம். மவுத் ஆர்கனுக்கு மைக் இல்லை. டேப் வழக்கமான அளவில் ஓடினால் அது கேட்டிருக்கவே கேட்காது. அல்சூர்க்காரன் அண்ணாவுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டது எப்படி?


பீப்பாய்:

அதை நாங்களே பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். டேப்பை முழுதாக அணைத்தால் அவரும் நிறுத்திவிடுவார், கூச்சம் வந்துவிடும். சத்தமாக வைத்தால் அவருடையது அமுங்கிவிடும். அதனால் ஆம்பிளிபயரின் குமிழியைச் சுற்றி, எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற இடத்தில், முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தோம். புதன்கிழமை அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்ததும், பாரில் நிற்பவன் குமிழியை அந்தப் புள்ளிக்குத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் அது நான்தான்.